சொதி திரைவதும் தக்காளியின் காலமும்

அன்புள்ள அக்கா,

கரைவலை இழுக்கும் மீனவர்கள் கடற்கரைக் குடிலில் ஆக்கும் வாடிச் சமையல் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த நாளிலிருந்து கேட்க நினைத்தவை இவை. என் ஊர் மலைநாட்டில் வெலிமடைப் பக்கம். கலியாணம் முடித்து திருகோணமலை உப்புவெளிக்கு வந்து இரண்டு வருடம். எங்கள் ஊரில் தக்காளிக்குக் குறையே இருந்ததில்லை. இங்கே அதன் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மாதம் ஒரு கிலோ வாங்கிய காசுக்கு இன்னொரு மாதம் கால் கிலோதான் வருகிறது. சில நாள் பழுத்தும் மஞ்சளாகவே கிடக்கிறது. பிரிட்ஜில் வைத்தால் வாசம் போய்விடுகிறது. எல்லாவற்றையும்விட, நான் வைக்கும் தக்காளிச் சொதி நாலு தடவையில் மூன்று தடவை திரைந்துவிடுகிறது. கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். அதுதான் கூடக் கவலை. மகளுக்கு ஒன்றரை வயது. கையைக் கடிக்காமல், சத்தாக, வருடம் முழுக்க எப்படிச் சமைப்பது? சொல்லித்தர இங்கே எனக்குப் பெரியவர்கள் யாரும் இல்லை.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

சொதியிலிருந்தே தொடங்குகிறேன். அது திரைவது உங்கள் கைப்பிழை அல்ல. தேங்காய்ப்பாலில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் நிற்பதற்கு அதிலுள்ள புரதம்தான் காரணம். கொதிக்கக் கொதிக்க அந்தப் புரதம் இறுகும். புளிப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் இறுகிக் கட்டியாகிவிடும். தக்காளி நல்ல புளிப்புள்ள பழம். ஆகவே முதற்பாலும் தக்காளியும் பெருங்கொதியில் சந்திக்கக் கூடாது.

இரண்டு பேருக்கு அரைமூடித் தேங்காய் போதும். முதற்பாலை அரைக் கோப்பை அளவுக்குக் கெட்டியாகப் பிழிந்து தனியே வையுங்கள். பிறகு தண்ணீர் விட்டுப் பிழியும் கப்பிப்பால் இரண்டு கோப்பை வரட்டும். சட்டியில் கப்பிப்பாலை ஊற்றி, ஐந்தாறு சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் இரண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் மஞ்சள், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, நாலாக வெட்டிய தக்காளிப்பழம் இரண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவியவிடுங்கள். கப்பிப்பாலில் புரதமும் எண்ணெயும் குறைவு, அதனால் அது கொதித்தாலும் பெரிதாகக் கெடாது. தக்காளியின் தோல் சுருண்டு, பச்சை வாசம் போனதும் உப்பைப் போட்டு, காஸை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவசரத்தில் நாங்கள் எல்லோரும் விட்டுவிடுகிறோம். பிறகு ஒரு கையால் முதற்பாலை ஊற்றிக்கொண்டே மற்றக் கையால் அகப்பையை ஓட்டுங்கள். சட்டியின் ஓரத்தில் நுரை கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும். நடுவில் குமிழி வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றால் பிந்திவிடும். தேசிக்காய் விடுவதானால் இறக்கி, சூடு கொஞ்சம் ஆறிய பிறகு. இறக்கியதும் மூடாதீர்கள், மூடினால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

அலுமினியச் சட்டி பாவிக்கிறீர்களானால் சொதிக்காவது ஒரு மண்சட்டி வாங்குங்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், கறியில் உலோக ருசி இறங்கும்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. வெலிமடையில் தக்காளிக்குப் பிடித்த குளிர் உண்டு. தக்காளிப் பூ காயாக வேண்டுமானால் இரவு குளிர வேண்டும். திருகோணமலையில் இரவும் புழுங்கும். தை, மாசியில்தான் கொஞ்சம் தணியும். அதனால்தான் இந்தப் பக்கத்துத் தோட்டப் பழம் மாசி, பங்குனியில் சந்தைக்கு நிறைய வருகிறது. மற்ற மாதங்களில் அநேகமாகத் தம்புள்ளையிலிருந்து ஹபரணை, கந்தளாய் தாண்டி லொறியில் வருவதைத்தான் வாங்குகிறோம். அங்கே மழை கொட்டினால் இங்கே விலை ஏறும்.

மஞ்சளாகப் பழுப்பதற்கும் சூடுதான் காரணம். தக்காளியைச் சிவப்பாக்கும் லைக்கோப்பீன் என்ற நிறப்பொருள் 30 பாகை செல்சியசுக்கு மேல் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறப்பொருள் மட்டும் வந்துகொண்டிருக்கும். அப்படிப் பழுத்தது கெட்ட பழம் இல்லை, பயப்படாமல் வாங்குங்கள். கறிக்கு நன்றாக உதவும். பிரிட்ஜ் விஷயத்தில் நீங்கள் கவனித்தது சரி. 12 பாகைக்குக் கீழே தக்காளியின் வாசம் உருவாவது நின்றுவிடும். அரைப்பழமாக வாங்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, தண்ணீர்க் குடம் வைத்திருக்கும் குளிர்ந்த மூலையில் பரப்பி வையுங்கள். நன்றாகப் பழுத்து, இனித் தாங்காது என்று தெரிந்த பிறகு பிரிட்ஜுக்குள் போகலாம். அவிப்பதற்கு அது போதும். பச்சைச் சம்பலுக்கு மட்டும் வெளியில் இருந்த பழத்தை எடுங்கள்.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கார்த்திகை, மார்கழியில் தக்காளியின் பின்னால் ஓட வேண்டாம். தக்காளி இல்லாமல் கறியே இல்லை என்ற பழக்கம் எங்கள் குசினிகளுக்குள் பிறகு வந்தது. என் அம்மம்மா புளிப்புக்குப் பழப்புளியையும் தேசிக்காயையும்தான் முதலில் தேடுவார். மாரியில் ரசத்துக்குப் பழப்புளி, மிளகு, உள்ளி, நற்சீரகம், கொத்தமல்லி போதும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து மீன் வரத்துக் குறையும்போது கருவாட்டுக் குழம்பு. அதற்கும் பழப்புளிதான் பொருத்தம். வைகாசி, ஆனியில் தக்காளி விலை ஏறினால் மாங்காய் இருக்கிறது. தக்காளி போடும் இடத்தில் புளிமாங்காய்த் துண்டைப் போட்டு அதே சொதியை வையுங்கள், அதே கவனத்தோடு.

ஆனால் மாசியும் பங்குனியும் வந்தால் தக்காளியைத் தாராளமாகப் புழங்குங்கள். கருவாட்டுக்குக்கூட அப்போது தக்காளி போடலாம். ஐந்து கிலோ வாங்கி, தோலோடு வெட்டி, உப்பு மட்டும் போட்டு, பாதியாக வற்றும்வரை மெல்லிய தீயில் கிண்டி, ஆறியதும் ஒரு கறிக்கு ஒன்று என்ற கணக்கில் சின்னப் பைகளில் கட்டி உறைய வையுங்கள். தக்காளியில் 100க்கு 95 பங்கு தண்ணீர்தான், வற்றினால் எவ்வளவு சுருங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உறைய வைக்க இடமில்லாதவர்கள் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மெல்லிய வட்டங்களாக வெட்டி, உப்புத் தூவி, வலைத்துணி போட்டு மூடிக் காயவைக்கலாம். கருவாடு காயும் வெயிலில் தக்காளி காயாதா? சருகுபோல் காய்ந்த பிறகுதான் போத்தலில் போட வேண்டும், ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட வாடிச் சமையலைப் பற்றி அந்தக் கட்டுரையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சல்லிக் கிராமத்தில் என் மாமா கரைவலைக்குப் போன காலத்தில், வலை இழுத்து முடிந்த கையோடு ஆக்குவார்கள். தேங்காய் இல்லை, எண்ணெயும் இல்லை. கனிந்த தக்காளியைச் சட்டிக்குள் கையால் பிசைந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் கிள்ளிப் போட்டு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் தண்ணீர். அது நன்றாகக் கொதித்து வற்றியதும் கழுவிய சூடை மீனையோ கீரி மீனையோ மேலே அடுக்குவார்கள். அகப்பை போடுவதில்லை. சட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றி வைப்பார்கள், மீன் உடையாது. ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். அவ்வளவு குறைந்த சாமானில் அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. பழுத்த தக்காளியில் குளுட்டமேட் என்ற ருசிப்பொருள் இருக்கிறது, மீனில் இனோசினேட் என்ற இன்னொரு ருசிப்பொருள் இருக்கிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் நாக்குக்குத் தெரியும் ருசி, தனித்தனியே தருவதைவிடப் பல மடங்காகும் என்று பிற்காலத்தில் வாசித்து அறிந்தேன். குளுட்டமேட் கூடுதலாக இருப்பது விதையைச் சுற்றியுள்ள கொழகொழத்த பாகத்தில். விதையை வழித்து எறியாதீர்கள் என்று அதனால்தான் சொல்கிறேன். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் குழம்பை ஆணம் என்று சொல்வார்கள், அங்கேயும் தக்காளி போட்ட மீன் ஆணம் சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் குழம்புக்கு அக்கா தங்கச்சி மாதிரி.

மகளுக்கு மைசூர்ப் பருப்பையே நம்புங்கள். பருப்பை மஞ்சளோடு குழைய அவித்து, தோலுரித்து விதையோடு மசித்த ஒரு தக்காளியைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்து, ஒரு கரண்டி முதற்பால் விட்டு இறக்குங்கள். மிளகாய் வேண்டாம், உப்பு மிகவும் குறைவாக. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. விற்றமின் சி கூட இருந்தால் கூடுதலாக எடுக்கும். தக்காளியில் அந்த விற்றமின் உண்டு, ஆனால் நெடுநேரம் கொதித்தால் குறையும். கடைசியில் சேர்க்கச் சொல்வது அதற்காக. சிவப்பு நிறப்பொருளோ நேர்மாறு, அவிந்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். தேங்காய்ப்பால் அந்த வேலையைச் செய்கிறது. முளைக்கீரையையும் இதே மாதிரிக் கொடுக்கலாம். போத்தலில் வரும் தக்காளிச் சோஸைச் சோற்றில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் தொடங்கிவிடாதீர்கள், அதில் சீனியும் உப்பும் அதிகம்.

முற்றத்தில் ஒரு வாளி வைக்க இடமிருந்தால் ஒரு கன்று வைத்துப் பாருங்கள். கார்த்திகைக் கடைசியில் மழை படாத தாழ்வாரத்தில் நாற்றுப் போட்டு, மார்கழிக் கடைசியில் வாளிக்கு மாற்றினால் பங்குனியில் பழம் பறிக்கலாம். பூத்த பிறகு காலையில் கொப்பை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள், பூந்தூள் உதிர்ந்து காய் பிடிக்கும். இந்தப் பங்குனியில் பிடித்த பழம் ஒன்றின் விதையைப் பிழிந்து, தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டுக் கழுவி, அடுப்புச் சாம்பலில் பிரட்டி, கடதாசியில் காயவைத்திருக்கிறேன். உங்கள் முகவரியைத் தனியே எழுதி அனுப்புங்கள். கார்த்திகைக்கு முன்னால் ஒரு உறையில் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா