கீட்டோனாகிய ஃபிரக்டோஸ் எப்படி வெள்ளி ஆடியைத் தருகிறது?

கீட்டோன்கள் டாலன்ஸ் வினைப்பொருளை (அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசலை) ஒடுக்குவதில்லை என்று பாடத்தில் படித்துவிட்டு, கீட்டோன் தொகுதி கொண்ட ஃபிரக்டோஸ் மட்டும் எப்படி வெள்ளி ஆடியைத் தருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்முறை வகுப்பில் என்னையும் குழப்பிய கேள்வி இது. அன்று ‘விதிவிலக்கு’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்; அது தவறு.

ஆல்டிஹைடின் கார்பனைல் கார்பனோடு (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு கொண்ட கார்பனோடு) ஒரு ஹைட்ரஜன் நேரடியாக இணைந்திருப்பதால், வலிமை குறைந்த ஆக்சிஜனேற்றிகூட அதை எளிதாகக் கார்பாக்சிலிக் அமிலமாக மாற்றிவிடும். அசிட்டோனில் அந்த ஹைட்ரஜன் இல்லை; அதை ஆக்சிஜனேற்றம் செய்யக் கார்பன்–கார்பன் பிணைப்பையே முறிக்க வேண்டும், அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட்டுக்கு அவ்வளவு வலிமை கிடையாது.

ஃபிரக்டோஸில் கீட்டோன் தொகுதி இரண்டாம் கார்பனில் இருக்கிறது. அதை ஒட்டிய முதல் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. டாலன்ஸ் வினைப்பொருள் காரத்தன்மை உடையது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை, சூட்சுமமோ அங்கேதான் இருக்கிறது. காரம் முதல் கார்பனிலிருந்து ஒரு புரோட்டானை எடுத்துவிட, அவ்விரு கார்பன்களுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பும், இரண்டிலும் ஹைட்ராக்சிலும் கொண்ட ஈன்டையால் உருவாகிறது. அந்த ஈன்டையாலின் இரண்டாம் கார்பனில் ஒரு புரோட்டான் வந்து சேர்ந்தால் முதல் கார்பன் ஆல்டிஹைடாகிவிடும். புரோட்டான் எந்தப் பக்கத்திலிருந்து சேர்கிறது என்பதைப் பொறுத்துக் கிடைப்பது குளுக்கோஸாகவோ மேனோஸாகவோ இருக்கும். இதற்கு லோப்ரி டி ப்ரூய்ன்–வான் எக்கன்ஸ்டைன் மாற்றம் என்று பெயர் (வினையைவிடப் பெயரை நினைவில் வைப்பதுதான் கடினம்). ஈன்டையாலும் தானே எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். ஆக, எந்த வழியில் போனாலும் வெள்ளி அயனிகள் ஒடுக்கப்பட்டு, சோதனைக் குழாயின் சுவரில் உலோக வெள்ளியாகப் படிகின்றன. ஃபெலிங் கரைசலும் காரத்தன்மை உடையதே என்பதால், அதிலும் ஃபிரக்டோஸ் செங்கல் நிற வீழ்படிவைத் தருகிறது.

காரம்தான் காரணம் என்பதைப் புரோமின் நீர் காட்டிக்கொடுக்கும். அதில் காரம் இல்லாததால் இந்த மாற்றம் நிகழ்வதில்லை. குளுக்கோஸ் அதன் நிறத்தை நீக்கிவிட்டுக் குளுக்கோனிக் அமிலமாகிறது, ஃபிரக்டோஸோ மாறாமல் இருக்கிறது. எனவே இவ்விரு சர்க்கரைகளையும் வேறுபடுத்திக் காட்டச் சொன்னால் டாலன்ஸ் சோதனையை எழுதாதீர்கள். புரோமின் நீரை எழுதலாம். அல்லது ரிசார்சினாலையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கும் செலிவனாஃப் சோதனையை எழுதலாம், அதில் ஃபிரக்டோஸ் விரைவில் செந்நிறம் தரும், குளுக்கோஸ் மிகவும் தாமதித்தே வெளிறிய நிறம் காட்டும்.