கர்ப்பப்பையில் கேன்சர்: துளை ஆபரேஷன் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலை) வேலை பார்த்தவர். மாதவிலக்கு நின்று ஏழு வருடம் கழித்து ரத்தம் பட்டது. சதைப் பரிசோதனையில் கர்ப்பப்பைக்குள் புற்றுநோய், ஆரம்பக் கட்டம் என்கிறார்கள். சர்க்கரை உண்டு, உடம்பும் கனம். நாகர்கோவில் டாக்டர் வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி போதும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திருவனந்தபுரத்தில் வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். துளை போட்டால் நோய் மிச்சம் இருந்துவிடாதா?

பதில்: அந்த அக்காவுக்கு வந்தது கர்ப்பப்பையின் உள்சவ்விலா, வாய்ப்பகுதியிலா என்று கேட்டுப் பாருங்கள். நம்மூரில் இரண்டுக்கும் 'கர்ப்பப்பை கேன்சர்' என்றே பெயர். வைத்தியமோ வேறு வேறு.

வாய்ப்பகுதி நோய்க்கும் ஒரு காலத்தில் நாங்கள் துளைதான் போட்டுக்கொண்டிருந்தோம். 2018இல் 631 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. நாலரை ஆண்டில் நோய் திரும்பாதவர்கள், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம், துளை வழியாகச் செய்தவர்களில் 86 சதவீதம்தான். அதற்கப்புறம் திறந்து செய்வதே வழக்கமாகிவிட்டது.

உங்கள் அம்மாவுக்கு உள்சவ்வில். அதற்கு 2017இல் வந்த ஆய்வில், 760 பெண்களில், நோய் திரும்பாதவர்கள், திறந்து செய்தவர்களிலும் துளை வழியாகச் செய்தவர்களிலும் 81 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக, துளை போடுவதால் நோய் மிஞ்சாது. சர்க்கரையும் கனமும் உள்ளவருக்கு நீளமான வெட்டுக்காயம் சீழ் பிடிக்கும் பயம் அதிகம். அரை, ஒரு சென்டிமீட்டர் துளைகளில் அந்தத் தொல்லை குறைவு. எழுந்து நடப்பதும் சீக்கிரம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் வாயு நிரப்பி, தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். கனமானவருக்கு மூச்சு விடுவது சிரமமாகலாம், மயக்க மருத்துவர் முன்கூட்டியே பார்க்கட்டும். சிறுநீர்க் குழாய், குடலில் காயம் படுவது அரிது, ஆனால் உண்டு. நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அது தோல்வியில்லை, சம்மதத் தாளில் அதையும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள்.

சர்ஜனிடம் ஒன்றை அவசியம் கேளுங்கள்: கர்ப்பப்பையை முழுசாக யோனி வழியே எடுப்பீர்களா? வயிற்றுக்குள்ளே துண்டு போடக் கூடாது, நோய் சிதறிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் ஆறு வாரம் கிணற்றில் தண்ணீர் இறைக்கவோ குடம் தூக்கவோ விடாதீர்கள். வெளித்துளை ஒரு வாரத்தில் ஆறிவிடும், அம்மாவும் 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார். உள்தையல் ஆறாமல் பிரிந்தால் அப்புறம் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்தான்.