வயலை யார் கழுவுவது?

கேள்வி: காய், கனி எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, தோலும் சீவித்தான் சாப்பிடுகிறேன். அப்புறமும் 'பூச்சிமருந்து, பூச்சிமருந்து' என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: நீங்கள் கழுவித் தள்ளுவது தோலில் ஒட்டிய மிச்சசொச்சம். அடித்ததில் பெரும்பங்கு உங்கள் வாசலுக்கே வருவதில்லை. மண்ணிலும் வாய்க்காலிலும் தங்கிவிடுகிறது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி என்று உலக விவசாயத்தில் இறங்கும் வீரியப்பொருள், அதாவது கலவையில் கொல்லும் சரக்கு மட்டும், ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் டன். இதற்கு 'மருந்து' என்று பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல!

விதையையே பாருங்கள். நியோநிகோட்டினாய்டு வகை நஞ்சை விதையின் மேலேயே பூசி விற்கிறார்கள். தின்கிற தானியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று சிவப்போ நீலமோ சாயம் ஏற்றியிருக்கும். அதில் செடி உறிஞ்சுவது சுமார் 5 சதவீதம்தான். மிச்சமெல்லாம் மண்ணுக்கும் தண்ணீருக்கும். உறிஞ்சியதோ தண்டு, இலை என்று ஏறி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் போய் நிற்கும். அதைக் குடித்த தேனீ உடனே செத்து விழ வேண்டுமென்பதில்லை. பூவிலிருந்து கிளம்பும், கூட்டுக்கு வழி தெரியாமல் போய்விடும். போனவை திரும்பாத கூடு எத்தனை நாள் தாங்கும்? இந்த வகையில் மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களுக்குப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். உங்கள் தோல் சீவும் கத்திக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

'அடிக்காவிட்டால் பூச்சி தின்றுவிடுமே' என்பீர்கள். இந்தோனேசியாவில் நெல்லுக்கு அடிக்க அடிக்க, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி பெருகியதுதான் மிச்சம். புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்திகள் செத்துப்போயின; புகையான் பிழைத்துக்கொண்டது. 1986-ல் அந்த அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. பூச்சிமருந்துக்குக் கொடுத்துவந்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. விளைச்சல் சரியவில்லை.

பரிசோதனை அறிக்கையில் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்' என்று போடுகிறார்களே, அது மனித வயிற்றை மனதில் வைத்துச் சொன்னது. மண்புழுவை யாரும் கேட்கவில்லை.

'இயற்கை விளைச்சலாகவே வாங்குகிறேன், போதுமா?' என்று அடுத்த கடிதம் வரும். நல்லதுதான். ஆனால் அங்கேயும் பூஞ்சைக்குத் தாமிரக் கரைசல் தெளிக்கப் பல நாடுகளில் அனுமதி உண்டு. தாமிரம் உலோகம், மக்காது, மண்ணிலேயே சேரும். அதைவிட, ஒரு புள்ளி விழுந்த பழத்தை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதாகப் பார்த்துப் பொறுக்குகிறோமே, அந்தப் பளபளப்புக்கென்றே தனியாகத் தெளிப்பது உண்டு. நானும் அப்படிப் பொறுக்குகிறவன்தான்.