கோல்ஃப் விளையாடத் தெரியாதவர்கள் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸைப் போய்ப் பார்க்கலாமா?

ஸ்காட்லாந்தில் இருக்கும் அந்தக் கோல்ஃப் மைதானத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள்.

எடின்பரோவில் மூன்று நாள் இருக்கப்போவதாகவும், கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் தொட்டதில்லை. வேலைக்காக அங்கே இரண்டு வருடம் இருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் இரண்டு முறை தனியாகவும் போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் என்றால், அன்று ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஓப்பன் போன்ற பெரிய போட்டி நடக்கும் நாட்கள் மட்டும் விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் மைதானம் ஊர்க்காரர்களுடையது. நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், வயதானவர்கள் மெதுவாக நடந்துவிட்டுப் போகிறார்கள். டிக்கெட் இல்லை, வாசல் இல்லை. உலகத்தின் மிகப் பிரபலமான கோல்ஃப் மைதானத்துக்குள் நேராக நடந்து போகலாம்.

இது எப்படி என்று புரிய ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்த நிலம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை. நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு என்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 1552-ல் ஆர்ச்பிஷப் ஹாமில்டன் ஒரு சாசனம் எழுதினார். அங்கே கோல்ஃப் ஆடவும் ஊர் மக்களுக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. 1797-ல் நகரம் கடனில் சிக்கியபோது நிலம் கைமாறி, முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போனது. மைதானமெல்லாம் முயல் வளை. பல வருடம் வழக்கு நடந்தது. கடைசியில் 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கி, கோல்ஃப் அங்கேயே தொடர வழிசெய்தார். இப்போது 1974-ல் சட்டம் போட்டு அமைத்த அறக்கட்டளை ஒன்று பார்த்துக்கொள்கிறது. ஆட்டம் தொடங்கி முதல் பந்தை அடிக்கும் இடத்துக்குப் பின்னால் 1854-ல் கட்டிய கம்பீரமான கல் கட்டடம் நிற்கும். அது ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புடையது. மைதானமும் அவர்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

அப்பாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். தேரி மணலைப் பார்த்தே வளர்ந்தவர். மைதானத்துக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும், ஒரு ஓரத்தில் முயல் பறித்துப் போட்டிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒரு பிடி அள்ளி, விரல் இடுக்கில் வழியவிட்டுப் பார்த்தார். "இது பூரா கடல் மணல்லா! மேல புல்லை விரிச்ச மாதிரில்லா இருக்கு" என்றார்.

இந்த மாதிரி நிலத்தை லிங்க்ஸ் என்பார்கள். லிங்க்ஸ் என்றால் அப்பா சொன்னதுதான். கடற்கரைக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கிற மேடுபள்ளமான மணல் பூமி. உழுது பயிர் வைக்க முடியாது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் உடனே இறங்கிவிடும். புல் குட்டையாகவும் இறுக்கமாகவும் வளரும். ஆடு மேய்க்கத்தான் லாயக்கு. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துப் பள்ளமான இடங்கள்தான் பின்னால் பங்கர்கள் ஆயின என்று சொல்வார்கள். ஓல்டு கோர்ஸில் இப்படி 112 மணல் குழிகள். முதலில் இதை யாரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை, நிலம் இருந்தபடியே ஆடினார்கள்.

17-வது கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை) ஒட்டியுள்ள ரோடு பங்கரை விளிம்பில் நின்று பாருங்கள். புல்கட்டிகளை வெட்டி, செங்கல் அடுக்குவதைப் போல வரிசை வரிசையாக ஏற்றிச் செங்குத்தாகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அப்பா அந்த அடுக்கைக் கையால் தடவிப் பார்த்தார். பங்கருக்குள்ளும் கிரீன் மீதும் மட்டும் தயவுசெய்து கால் வைக்காதீர்கள். மறுநாள் காலை ஆட்டம் இருக்கிறது.

இன்னொன்று கவனியுங்கள். பல கிரீன்களில் இரண்டு கொடிகள் இருக்கும். முன்பு மைதானத்தின் கோடி வரை போகும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும் பந்தை ஒரே குழிகளில்தான் போட்டார்கள். கூட்டம் கூடியதும் அதே கிரீனில் இரண்டாவது குழி வெட்டிவிட்டார்கள். இப்படி ஏழு இரட்டைக் கிரீன்கள். ஒரு கிரீனில் இருக்கும் இரண்டு குழிகளின் எண்களையும் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2-16, 3-15, 4-14. கோல்ஃபில் ஒரு சுற்றுக்கு 18 குழி என்ற கணக்கே இங்கிருந்து வந்ததுதான். முன்பு ஒரு சுற்றுக்கு 22 குழிகள். 1764-ல் சில சிறிய குழிகளைச் சேர்த்து 18 ஆக்கினார்கள். உலகம் அதைப் பிடித்துக்கொண்டது.

ஸ்வில்கன் பாலத்தில் படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நம் ஊர் வாய்க்கால் மேல் போட்ட கல்பாலம் அளவுதான். ஆடு ஓட்டிப் போகக் கட்டியது, சுமார் 700 வருடம் பழையது என்கிறார்கள்.

வார நாளில்தான் போக முடியும் என்றாலும் பரவாயில்லை. பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளிகளான முதல், கடைசி ஃபேர்வேக்களைக் குறுக்கே வெட்டிப் போகும் பொதுச் சாலை உண்டு. ஆட்டத்துக்கு நடுவேதான் கடந்து போக வேண்டும், பந்து வருகிறதா என்று பார்த்து நடங்கள். பக்கத்தில் 'ஹிமாலயாஸ்' என்ற பட்டிங் (பந்தை மெதுவாக உருட்டிக் குழியில் போடும்) புல்வெளி இருக்கிறது. 1867-ல் தொடங்கிய பெண்கள் கிளப்புடையது. கோடையில் சில பவுண்டு கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள், யாரும் ஆடலாம். நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழியில் ஃபோர்த் பாலம் வரும், கடல் பக்க ஜன்னலில் உட்காருங்கள். லூக்கர்ஸிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் பஸ். ஜூன் மாதமானாலும் காற்றுத் தாங்கும் ஜாக்கெட் வேண்டும்.

கடைசியாக, ஊரின் கிழக்குக் கோடியில் இடிந்த கதீட்ரலுக்குப் போங்கள். ஓல்டு டாம் மாரிஸ் பல வருடம் இந்த மைதானத்தைப் பராமரித்தவர். புல் செழிக்க மணல் தூவும் பழக்கத்தை வேரூன்ற வைத்தவர். ஆளுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் ஞாயிற்றுக்கிழமை புல்லுக்கு வேண்டும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் மகன் யங் டாம் தொடர்ந்து நான்கு ஓப்பன் பட்டங்களை வென்றவர். 1875 செப்டம்பரில் பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் இறந்தார்கள். அதே வருடம் கிறிஸ்துமஸ் அன்று அவரும் போய்விட்டார். வயது 24. அப்பா மகன் இருவர் கல்லறையும் அங்கேதான்.

பந்தை அடிக்கக் குனிந்து நிற்கும் யங் டாமின் சிலைக்கு முன்னால் என் அப்பா ரொம்ப நேரம் நின்றார். வருடங்களைக் கேட்டார், சொன்னேன். "மவன் போனப்புறம் முப்பத்திரண்டு வருசம் இருந்திருக்காரு. தெனம் அதே மணல்ல நடந்திருப்பாரு" என்றார்.

கதீட்ரல் வளாகத்தைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். மைதானத்தை மதியத்துக்குள் சுற்றிவிட்டு அங்கே வெளிச்சத்தோடு போய்ச் சேருங்கள்.