அப்பாவின் குரலும் வெட்டிய பத்து விநாடியும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா பாடகர். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும்; இங்கே வேண்டாம். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய வாழ்க்கை வரலாற்றை நானே எழுத வேண்டும் என்று ஒரு பதிப்பகம் கேட்கிறது. கச்சேரிக் குறிப்பேடுகள், மூன்று பெட்டி கடிதங்கள், சில ஸ்பூல் டேப்புகள் என்னிடம் இருக்கின்றன. "நல்லதை மட்டும் எழுது" என்கிறார்கள் அம்மாவும் அண்ணனும். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, "உனக்குக் குரல் இல்லை" என்று சொல்லிப் பாடத்தை நிறுத்திவிட்டார் அப்பா. அதற்குப் பிறகு நான் பாடவே இல்லை. அதை எழுதினால் பழிதீர்ப்பதாகிவிடுமா? எழுதாவிட்டால் பொய்யாகிவிடுமா? ஒரு டேப்பில் அவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்க்கிறார். நடுவே சிறுமியான நான் சாப்பிடக் கூப்பிடுகிறேன். அவர் பதில் சொல்லாமல் அதே வரியை மறுபடி எடுக்கிறார். ரசிகர் ஒருவருக்கு அதன் நகலைக் கொடுத்தபோது அந்தப் பத்து விநாடியை வெட்டிவிட்டேன். இந்தப் புத்தகத்தில் மகளாகிய நான் எவ்வளவு தூரம் இருக்கலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்தப் புத்தகத்தில் தாராளமாக இருக்கலாம், இருந்தே ஆகவேண்டும். கச்சேரிகளைத் தேதிவாரியாகத் தொகுக்க ஓர் ஆய்வாளர் போதும். பாட்டின் நுட்பத்தை எழுத அவருடைய மாணவர்கள் இருக்கிறார்கள். சோறு ஆறிக்கொண்டிருக்க, கதவருகே நின்று அந்த வரி முடியட்டும் என்று காத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின் மகன் நினைவுக்கு வந்தார். யோஹான் செபாஸ்டியன் பாக் 1750இல் இறந்தார். அவருடைய மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேலும் மாணவர் அக்ரிகோலாவும் சேர்ந்து எழுதிய இரங்கல் வரலாறு 1754இல் அச்சானது. பாகின் வாழ்க்கையை எழுத வருகிறவர்கள் இன்றும் அந்தச் சில பக்கங்களைத் தொடாமல் நகர முடியாது. அதில் ஓரிடம். 1720இல் பாக் தாம் பணியாற்றிய இளவரசரோடு கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்குப் போயிருந்தார். நல்ல உடல்நலத்தோடு விட்டுப்போன மனைவி, அவர் திரும்புவதற்குள் இறந்து, அடக்கமும் முடிந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவருக்குச் செய்தியே தெரிந்தது.

படிக்கும்போது அந்தக் கணவருக்காக நெஞ்சு கனக்கிறது. ஆனால் இறந்தவர் இமானுவேலின் தாய். அப்போது அவருக்கு வயது ஆறு. தந்தை ஊரில் இல்லாதபோது தாயை இழந்த நான்கு பிள்ளைகளில் அவரும் ஒருவர். அந்த நாட்களைப் பற்றி ஒரு சொல்கூட அந்த வரலாற்றில் இல்லை. அக்கால இரங்கல் உரையில் எழுதுகிறவர் தன்னைப் பற்றிப் பேசுவதற்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் நான் அந்தச் சிறுவனைத்தான் தேடுகிறேன். நீங்கள் பத்து விநாடியை வெட்டியதும் இதே காரியம்தான். அடக்கத்தினால் செய்திருக்கிறீர்கள். ஆனால் வெட்டிய பிறகு அந்த டேப்பில் இருப்பது பயிற்சி செய்யும் ஒரு பாடகர் மட்டுமே. அழைப்பு காதில் விழாத அளவுக்கு அந்த வரிக்குள் போய்விட்ட மனிதர் அதில் இல்லை.

அதே வரலாற்றில் இன்னொரு புகழ்பெற்ற கதை உண்டு. சிறுவன் பாக், அண்ணன் பூட்டிவைத்திருந்த இசை ஏட்டை இரவில் எடுத்து, விளக்கில்லாமல் நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் படியெடுத்தான் என்ற கதை. அண்ணன் அந்தப் பிரதியைப் பறித்துக்கொண்டார், அவர் இறந்த பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது, அதன்பின் பாக் லூனபுர்க் நகரத்துக்குப் போனார் என்று போகிறது. பாக் லூனபுர்க் போனது 1700இல். அண்ணன் இறந்தது 1721இல்! மகன் பொய் சொல்லவில்லை. வீட்டில் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கதையை நம்பி எழுதினார். உங்கள் அப்பாவும் சில கதைகளை நூறு முறை சொல்லியிருப்பார். முதல் கச்சேரியில் யார் எழுந்து நின்று கைதட்டினார், யார் பாதியில் போனார் என்றெல்லாம். அவற்றைத் தள்ளிவிடாதீர்கள், "அப்பா இப்படிச் சொல்வார்" என்றே எழுதுங்கள். பக்கத்திலேயே குறிப்பேட்டில் இருக்கும் தேதியையும் அன்றைய பத்திரிகை விமரிசனத்தையும் வையுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில் ஒன்றை அழிக்க வேண்டாம். எதை அவர் மாற்றிச் சொல்ல விரும்பினார் என்பதும் அவருடைய வரலாறுதான்.

இனி அந்தப் பதினான்கு வயது. அதை எழுதுங்கள். ஒரே ஒரு முறை, அது நடந்த இடத்தில் எழுதுங்கள். அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றுவிட்டதா, அவர் என்ன சொன்னார், நீங்கள் எழுந்து எந்த அறைக்குப் போனீர்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். "கொடூரமாக" என்றோ "என் நன்மைக்காக" என்றோ சேர்க்காதீர்கள். அந்த ஒரு மாலை மற்ற எல்லா அத்தியாயங்களிலும் வந்து நின்றால்தான் அது பழிதீர்ப்பது. பிறகு அந்த மாதத்துக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். அவர் குரல் அப்போது எப்படி இருந்தது, கச்சேரிகள் குறைந்திருந்தனவா என்று பாருங்கள். அவர் இதே சொல்லை வேறு யாரிடமாவது சொன்னதுண்டா என்று மாணவர்களைக் கேளுங்கள். பத்துப் பேரிடம் சொல்லியிருந்தால் அது அவர் பாடம் சொல்லும் முறை. உங்களிடம் மட்டும் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம், அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். விடை கிடைக்காவிட்டால் விடை கிடைக்கவில்லை என்றே எழுதலாம்.

உ.வே.சாமிநாதையரை நான் இந்த இடத்தில் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகனுக்கும் இசை வரவேண்டும் என்று விரும்பியவர். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கற்றுக்கொண்டிருந்த மகன், தமிழாசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதில் உவப்பில்லை என்று அறிந்ததும் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார். 1940இல் ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தை எழுதத் தொடங்கியபோது அதையும் மறைக்காமல் எழுதினார். அதற்கு முன்பே, 1936இல், தந்தையின் குருவான கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருந்தார். பாட்டை விட்டவர் பாட்டைப் பற்றி எழுதலாகாது என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கும் அந்த உரிமை முழுமையாக உண்டு.

அம்மாவோடு வாதாட வேண்டாம். அவரிடம் கேளுங்கள். கச்சேரி இல்லாத மாதங்களில் வீடு எப்படி ஓடியது, நள்ளிரவில் திரும்பியவருக்குக் கதவு திறந்தது யார், விமரிசனம் மோசமாக வந்த நாளில் பத்திரிகையை யார் ஒளித்துவைத்தார்? அந்த வீட்டுக்கு வந்த எந்தப் பேட்டியாளரும் அவரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார். அவரைப் பற்றிய பக்கங்களை அச்சுக்கு முன் அவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள். அண்ணனுக்கு வேறு நினைவுகள் இருந்தால், அவர் பெயரிலேயே அவர் சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதங்களைப் பற்றி ஒன்று. அப்பாவுக்கு மற்றவர்கள் எழுதிய கடிதத்தின் தாள்தான் உங்களுடையது; எழுத்தின் உரிமை எழுதியவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ உரியது. வெளியிடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். கூட வாசித்தவர்களோடு அப்பாவுக்கு மனத்தாங்கல் இருந்திருந்தால், அவர்கள் வீட்டுக்கே நேரில் போய்க் கேளுங்கள். அங்கேயும் இப்படி ஒரு பெட்டி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டேப்புகள். அவற்றை வீட்டில் இனி ஓட்டாதீர்கள். பழைய அசிடேட் டேப் காடி நெடி அடிக்கத் தொடங்கினால் அது சிதைகிறது என்று பொருள், எளிதில் ஒடிந்துவிடும். அதற்குப் பின்வந்த சில வகைகளில் பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓட்டும்போதே உரிந்துபோகும். ஒலிப்பதிவுகளைப் பாதுகாப்பதில் பழக்கமுள்ளவரிடம் கொடுத்து, இரைச்சல் எதையும் நீக்காமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுதாக டிஜிட்டலில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இருமல், நாற்காலி நகரும் சத்தம், நீங்கள் கூப்பிடுவது, அவர் பேசாமலிருப்பது எல்லாம் இருக்கட்டும். அந்த ரசிகருக்கும் வெட்டாத நகல் ஒன்றை அனுப்பிவையுங்கள்.