பாட்டைக் கேட்காதவர்களும் ராமோன்ஸ் டி-ஷர்ட் அணிவது ஏன்?

ஒரே வரியில் சொன்னால், சட்டையில் உள்ள படம் பாட்டை முந்திவிட்டது. 1970களில் நியூயார்க்கில் பங்க் ராக் என்ற வேகமான, முரட்டு ராக் இசையை வாசித்த ராமோன்ஸ் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. அவர்களுடைய நண்பர் ஆர்ட்டுரோ வேகா, அமெரிக்க அதிபரின் முத்திரையில் குறும்பு செய்தார்: கழுகின் ஒரு காலில் அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டை, மறுகாலில் ஆலிவ் கிளைக்குப் பதில் ஆப்பிள் கிளை, சுற்றிலும் உறுப்பினர்களின் பெயர்கள். கச்சேரிகளில் டி-ஷர்ட் விற்ற காசு குழுவுக்குக் கைகொடுத்தது. தொடக்ககால உறுப்பினர்கள் நால்வரும் 2014க்குள் காலமாகிவிட்டார்கள். சட்டை மட்டும் விற்றுக்கொண்டே இருக்கிறது. உரிமம் வாங்கிய துணிக்கடைகள் புதிதாக அச்சடித்து, சாயம் வெளுத்த தோற்றமும் கொடுத்து அடுக்கிவைக்கின்றன.

"எங்கே, மூன்று பாட்டுச் சொல் பார்க்கலாம்" என்று இளையவர்களை மடக்கும் பழைய ரசிகர்கள் மீது எனக்கு அனுதாபம் இல்லை. நல்ல ஓவியத்தை ரசிக்கத் தேர்வு எழுத வேண்டுமா என்ன? ஆனால் 'அசல் பழையது' என்று யாராவது விலையை ஏற்றினால், கீழ் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய அமெரிக்கச் சட்டைகளில் பெரும்பாலும் ஒற்றைத் தையல்தான். இரட்டைத் தையல் தெரிந்தால் தயங்காமல் பேரம் பேசுங்கள்.