முழங்கால் ஜவ்வும் தொடைத் தசைகளும்: கேள்வி பதில்

தினமும் ஸ்குவாட் செய்கிறேன், தொடை நல்ல பலமாக இருக்கிறது. எனக்கும் ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் ஒரு ஜவ்வு) கிழியுமா?

கிழியலாம். ஸ்குவாட்டில் பெரும்பாலும் உழைப்பது முன்தொடைத் தசை. கால் கிட்டத்தட்ட நீட்டிய நிலையில் இருக்கும்போது அது இறுகினால், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை முன்னால் இழுக்கும். அந்த எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்வதுதான் ஏசிஎல் ஜவ்வின் வேலை. பின்தொடையில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் அதே எலும்பைப் பின்பக்கம் இழுத்து ஜவ்வுக்குத் துணை நிற்கிறது. முன்தொடை மட்டும் வளர்ந்துகொண்டே போனால் அந்தத் துணை போதாது. ஸ்குவாட்டை விட வேண்டாம், பின்தொடைக்கும் அதே அக்கறை காட்டுங்கள்.

சோதனையில் என் பின்தொடை பலம் முன்தொடையில் 55 சதவீதம் என்று வந்தது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஐசோகைனடிக் கருவியில் (கால் ஒரே சீரான வேகத்தில் அசையும்படி வைத்துத் தசை பலத்தை அளப்பது) மெதுவான வேகத்தில் சோதிக்கும்போது 60 சதவீதத்தை ஒட்டி எதிர்பார்ப்பார்கள். நீங்கள் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்து யாருக்கு அடிபடும் என்று சொல்லிவிட முடியாது. முன்தொடை பலவீனமாக இருந்தாலும் விகிதம் அழகாகத்தான் வரும்! அதனால் ஒவ்வொரு தசையின் பலத்தையும் உடல் எடையோடு ஒப்பிடுங்கள், இடது காலையும் வலது காலையும் தனித்தனியாகப் பாருங்கள். குதித்து இறங்கும்போது ஹாம்ஸ்ட்ரிங் நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. அந்தப் பலத்தையும் அளந்து தரச் சொல்லுங்கள்.

பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சி தருகிறேன். இவர்களுக்கு ஏன் ஏசிஎல் காயம் அதிகம்?

கால்பந்து, கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் பெண்களுக்கு ஏசிஎல் காயம் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எலும்பு அமைப்பு, ஹார்மோன் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. அவற்றில் நீங்கள் செய்வதற்கு அதிகமில்லை. இறங்கும் விதம் உங்கள் கையில் இருக்கிறது. ஏசிஎல் காயங்களில் பெரும்பங்கு யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திசை மாறும்போதோ நடக்கிறது. கால் தரையைத் தொட்ட நொடியின் சிறு பகுதிக்குள் ஜவ்வு போய்விடும், யோசித்துத் திருத்த நேரமே இருக்காது. அதனால் முழங்காலை மடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கால் உள்பக்கம் சாயாமல் இறங்குவதைப் பழக்கமாகவே ஆக்க வேண்டும். கால்பந்து வீரர்களின் காயங்களைக் குறைக்கவே வந்தது ஃபிஃபா 11+ என்ற வார்ம் அப் பயிற்சித் தொகுப்பு. சுமார் 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது செய்ய வையுங்கள். சீசன் பாதியில் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

கருவி எதுவும் இல்லாமல் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு என்ன செய்யலாம்?

நார்டிக் பயிற்சி. மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்ந்து, முடிந்தவரை தாங்கி, கடைசியில் கைகளால் ஊன்றுங்கள். முதல் வாரங்களில் நன்றாக வலிக்கும், அதனால் நான்கைந்து முறையோடு தொடங்குங்கள். மேட்சுக்கு முந்தைய நாள் வேண்டாம். அப்புறம், ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏசிஎல் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். வலி இல்லை. இறங்கி ஆடலாமா?

இப்போது வேண்டாம். வலி போனதால் ஜவ்வு தயார் என்று ஆகாது. ஒன்பது மாதமாவது பொறுங்கள், அதற்கு முன் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயமாகும் வாய்ப்பு தெளிவாகவே கூடுகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் முன்தொடை, பின்தொடை இரண்டும் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும், ஒற்றைக் கால் தாண்டுதலிலும் அப்படியே. புது ஜவ்வுக்கு உங்கள் ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்தே நார் எடுத்திருந்தால் அங்கே பலம் திரும்பத் தாமதமாகும். உங்கள் பிசியோவிடம் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.